ரைபோஃப்ளேவின் நொதிகளில் எதைத் தேர்வது: மலைக் கல்லூரி ஆய்வுக்கூடங்களுக்கான ஓர் ஒப்பீடு

உதகை, குன்னூர், கொடைக்கானல் கல்லூரிகளில் நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், மருந்தியல் ஆகிய துறைகளில் முதுகலை படிப்பவர்கள் இறுதிப் பருவ ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் நாட்களில், உயிர்ச்சத்து பி2 எனப்படும் ரைபோஃப்ளேவினை நுண்ணுயிர்கள் உருவாக்கும் பாதை அவர்களுடைய பட்டியலில் தவறாமல் இடம்பெறுகிறது. அதற்குத் தக்க காரணம் உண்டு. பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் தாவரங்களும் இந்த உயிர்ச்சத்தைத் தாமே உருவாக்கிக்கொள்கின்றன. மனித உடலுக்கு அந்த ஆற்றல் இல்லை. ஆகவே இந்தப் பாதையின் நொதி ஒன்றைத் தடுக்கும் பொருள், நம் உடலில் அதற்கு இணையான நொதி எதையும் தாக்காமல் கிருமியை மட்டும் தாக்கக்கூடும் என்ற எதிர்பார்ப்பு ஆய்வுலகில் நீண்ட காலமாக இருந்துவருகிறது. மலைக்கும் இந்தத் துறைக்கும் பழைய உறவும் உண்டு: ராபர்ட் மெக்காரிசன் 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் தொடங்கிய ஊட்டக்குறைபாட்டு ஆய்வே வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாகி, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம் மாறியது.

தலைப்பு பிடித்துவிடுகிறது, நொதிதான் பிடிபடுவதில்லை. பெரும்பாலோர் மூன்று நொதிகளுக்கு இடையே தடுமாறுகிறார்கள்: பாதையின் வாசலில் நிற்கும் ஜிடிபி (குவானோசின் டிரைபாஸ்பேட்) சைக்ளோஹைட்ரோலேஸ் 2, இறுதிக்கு முந்தைய படியைச் செய்யும் லூமசின் சிந்தேஸ், இறுதிப் படியைச் செய்யும் ரைபோஃப்ளேவின் சிந்தேஸ். எந்த நொதியைப் பற்றி அதிகக் கட்டுரைகள் வந்துள்ளன, எதன் படிக வடிவம் அழகாக இருக்கிறது என்பவற்றை வைத்துத் தேர்வு செய்வதே வழக்கமாக இருக்கிறது. என் கருத்தில், அந்த நொதி செயல்படத் தேவையான வினைப்பொருள் உங்கள் மேசைக்கு எப்படி வந்துசேரும் என்ற ஒரு கேள்விதான் ஆய்வு முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிக்கிறது. மற்ற அளவுகோல்கள் எல்லாம் அதற்குப் பின்னரே வருகின்றன.

## பாதையின் சுருக்கம்

ஒரு ரைபோஃப்ளேவின் மூலக்கூறு உருவாக ஒரு ஜிடிபி மூலக்கூறும் இரண்டு ரிபுலோஸ் 5-பாஸ்பேட் மூலக்கூறுகளும் தேவை. ஜிடிபி சைக்ளோஹைட்ரோலேஸ் 2, ஜிடிபியின் வளையத்தைத் திறந்து ஃபார்மேட்டையும் பைரோபாஸ்பேட்டையும் வெளியேற்றுகிறது. அதன் பின் ஓர் அமினோ நீக்கமும் ஓர் ஒடுக்கமும் ஒரு பாஸ்பேட் நீக்கமும் நடந்து, 5-அமினோ-6-ரிபிடைலமினோயுராசில் என்ற சேர்மம் கிடைக்கிறது. இனி இதை அமினோயுராசில் என்று சுருக்கிச் சொல்கிறேன். மறுபுறம், ரிபுலோஸ் 5-பாஸ்பேட்டிலிருந்து நான்கு கார்பன் கொண்ட டைஹைட்ராக்சிபியூட்டனோன் பாஸ்பேட் உருவாகிறது. இவ்விரண்டையும் இணைத்து 6,7-டைமெத்தில்-8-ரிபிடைல்லூமசினை உண்டாக்குவது லூமசின் சிந்தேஸ். இந்த லூமசின் மூலக்கூறுகள் இரண்டை எடுத்து, ஒன்றிலிருந்து நான்கு கார்பன்களை மற்றொன்றுக்கு மாற்றி, ஒரு ரைபோஃப்ளேவினையும் ஓர் அமினோயுராசிலையும் தருவது ரைபோஃப்ளேவின் சிந்தேஸ். அந்த அமினோயுராசில் மீண்டும் லூமசின் சிந்தேஸிடம் திரும்பிச் செல்கிறது.

## எவற்றை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் வினைப்பொருள். அதை மேலேயே சொல்லிவிட்டேன். வாங்கக் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் தயாரிக்க முடியுமா, தயாரித்தபின் எவ்வளவு நேரம் கெடாமல் இருக்கும் என்ற மூன்றையும் ஆராய வேண்டும்.

இரண்டாவது, நொதியின் செயலை அளக்கும் முறை. நம் கல்லூரிகள் பலவற்றில் கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரே உண்டு. புறஊதா ஒளிக்கு வேறு விளக்கும் குவார்ட்ஸ் குவெட்டும் வேண்டும். ஒளிர்வை அளக்கும் ஃபுளோரிமீட்டர் சில துறைகளிலேயே இருக்கிறது.

மூன்றாவது, புரதத்தைத் தயாரிப்பதில் உள்ள உழைப்பு. இதில் மூன்று நொதிகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. எஸ்செரிச்சியா கோலையில் ஜிடிபி சைக்ளோஹைட்ரோலேஸ் 2-இல் 196 அமினோ அமிலங்களும், லூமசின் சிந்தேஸில் 156 அமினோ அமிலங்களும், ரைபோஃப்ளேவின் சிந்தேஸில் 213 அமினோ அமிலங்களும் உள்ளன. மூன்றின் ஜீன்களும் சிறியவை. தீங்கற்ற கே-12 வகையின் டிஎன்ஏவிலிருந்தே பிசிஆர் மூலம் எடுத்துவிடலாம். காசநோய்க் கிருமி அல்லது புரூசெல்லாவின் ஜீன்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அதைச் செயற்கையாகத் தொகுத்து வாங்க வேண்டியிருக்கும். முதுகலை ஆய்வேட்டுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் எண்ணம்.

நான்காவது, மலை கூட்டும் சுமையும் மலை தரும் உதவியும். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சமவெளியில் எழுதப்பட்ட செய்முறைகள் எதிலும் இது இருக்காது. உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலும், கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலும் உள்ளன. உதகையில் தண்ணீர் ஏறத்தாழ 92 அல்லது 93 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடுகிறது. ஆட்டோகிளேவின் முள் 15 பவுண்டைக் காட்டும்போது உள்ளே 121 டிகிரி இருப்பதாகப் பாடநூல் சொல்வது கடல்மட்டக் கணக்கு. இங்கே காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் அதே 15 பவுண்டில் வெப்பம் 117 டிகிரியை ஒட்டியே நிற்கும். முள்ளை 18 பவுண்டுக்குச் சற்று மேலே கொண்டுசென்றால்தான், கருவியின் பாதுகாப்பு எல்லை அதை அனுமதித்தால், உரிய வெப்பம் கிடைக்கும். எல்லை அனுமதிக்காவிட்டால் நேரத்தைக் கூட்ட வேண்டும். ஊடகத்தில் தொற்று வருகிறது என்று புலம்பும் மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

உதவி என்று சொன்னது குளிரை. பாக்டீரியாவில் புரதம் கரையாமல் கட்டிப்போவதைத் தவிர்க்க, புரத உற்பத்தியைத் தூண்டும் ஐபிடிஜி என்ற வேதிப்பொருளைச் சேர்த்தபின் 16 முதல் 18 டிகிரியில் இரவு முழுவதும் வளர்ப்பது வழக்கம். கீழே இருப்பவர்களுக்கு இதற்குக் குளிரூட்டும் வசதியுள்ள ஷேக்கர் தேவை. இங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சாதாரண ஷேக்கரை அறையில் ஓடவிட்டாலே பெரும்பாலும் போதும். ஆனால் அதே குளிரில், வெப்பநிலையைக் கட்டுப்படுத்தாத குவெட் அறையில் அளந்த நொதிவேகம் காலையில் ஒன்றாகவும் நண்பகலில் வேறாகவும் வரும். தண்ணீர்த்தொட்டியில் 37 டிகிரியில் வினையை நடத்தி, குறித்த இடைவெளியில் சிறிது எடுத்து, வினையை நிறுத்தி அளப்பதே இதற்கு நேரான வழி.

கடைசியாக, ஆய்வின் பயன். மருந்து நோக்கம், தொழில் நோக்கம், கட்டமைப்பு நோக்கம் என்று இது மூன்றாகப் பிரிகிறது. எந்த நொதி சிறந்தது என்பது இவற்றில் எதை நீங்கள் நாடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

## ஜிடிபி சைக்ளோஹைட்ரோலேஸ் 2

நொதி எண் 3.5.4.25. எஸ்செரிச்சியா கோலையில் இதை 1975-இல் ஃபூர், பிரவுன் ஆகிய இருவரும் விவரித்தனர். மூன்று சிஸ்டீன்கள் பிடித்துவைத்திருக்கும் துத்தநாக அயனி ஒன்றும், மக்னீசியமும் இதற்குத் தேவை.

இதன் பெரிய பலம், வினைப்பொருளான ஜிடிபி எந்த வேதிப்பொருள் வணிகரிடமும் கிடைப்பதே. பொடியாக வாங்கி மைனஸ் 20 டிகிரியில் வைத்தால் ஒரு பருவம் முழுவதும் தாங்கும். வேதியியல் துறையின் தயவு தேவையில்லை; கண்ணாடிக் கருவிகளும் வெற்றிட ஆவியாக்கியும் தேவையில்லை.

அளவீட்டில்தான் சிக்கல் தொடங்குகிறது. விளைபொருள் 293 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சுவதால் புறஊதா வசதி வேண்டும். அதுவும் காற்றில் விரைவாக ஆக்சிகரணமடையும் சேர்மம். அதனை டைஅசெட்டிலுடன் வினைபுரியவைத்து, ஒளிரும் டெரினாக மாற்றி அளப்பது நல்ல முறை. அதற்கு ஃபுளோரிமீட்டர் வேண்டும். இரண்டும் இல்லாதவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு: வெளியேறும் பைரோபாஸ்பேட்டை, விலைக்குக் கிடைக்கும் பைரோபாஸ்பட்டேஸ் நொதியால் பாஸ்பேட்டாக உடைத்து, மாலகைட் பச்சை-மாலிப்டேட் முறையில் சாதாரண கலரிமீட்டரிலேயே அளக்கலாம்.

மறைமுகச் செலவுகள் இந்த மூன்றாவது வழியில் ஒளிந்திருக்கின்றன. மாலகைட் பச்சை எந்தப் பாஸ்பேட்டையும் காட்டிக்கொடுக்கும். குழாய்நீரில் கழுவிய குப்பி, பாஸ்பேட் கலந்த சோப்பு, பழைய ஜிடிபியிலிருந்து தானாக உடைந்த பாஸ்பேட், செல்சாற்றில் இருக்கும் பாஸ்பட்டேஸ்கள் ஆகிய அனைத்தும் உங்கள் நொதியின் பெயரில் கணக்கெழுதிக்கொள்ளும். ஆகவே தூய்மைப்படுத்தாத செல்சாற்றில் இந்த அளவீட்டைச் செய்யவே கூடாது; நிக்கல் நிரலில் பிரித்தெடுத்த நொதி கட்டாயம். போதாக்குறைக்கு, தூய நொதியே ஜிடிபியின் ஒரு சிறு பங்கை வளையத்தைத் திறக்காமல் ஜிஎம்பியாக மாற்றிவிடுகிறது. அந்த வினையிலும் பைரோபாஸ்பேட் வெளியேறுவதால், பைரோபாஸ்பேட்டை மட்டும் அளப்பவருக்கு உண்மையான அளவைவிடச் சற்றுக் கூடுதலாகவே விடை வரும். பழக்கத்தில் பஃபரில், உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் ஈடிடிஏவைச் சேர்ப்பவர்கள் துத்தநாகத்தை இழந்து, நொதி செத்துவிட்டது என்று எழுதிவைப்பார்கள். இது மெதுவாக வேலைசெய்யும் நொதி என்பதையும் மறக்கக் கூடாது. அளவீட்டு நேரம் நீளும்.

தொழில் நோக்கில் பார்த்தால் இதற்கே முதலிடம். ரைபோஃப்ளேவின் உற்பத்திக்குப் பயன்படும் பேசில்லஸ் சப்டிலிஸ் வகையில், ஜிடிபி சைக்ளோஹைட்ரோலேஸ் 2-ஐயும் டைஹைட்ராக்சிபியூட்டனோன் பாஸ்பேட் சிந்தேஸையும் ஒரே புரதத்தில் கொண்ட ரிப்ஏ-தான் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது என்று 1999-இல் வெளியான ஆய்வு காட்டியது. உலகச் சந்தையில் ரைபோஃப்ளேவின் இன்று வேதித்தொகுப்பிலிருந்து விலகி, பேசில்லஸ் சப்டிலிஸ், ஆஷ்பியா காசிப்பியை போன்ற நுண்ணுயிர்களின் நொதித்தல் வழியாகவே பெரிதும் வருகிறது. விளைச்சலைக் கூட்டுவது பற்றி எழுத விரும்புபவர் வாசலில் நிற்கும் நொதியைத் தவிர்க்க முடியாது.

## லூமசின் சிந்தேஸ்

நொதி எண் 2.5.1.78. படத்தில் பார்த்தவுடன் மாணவர்கள் மயங்கிவிடும் நொதி இதுதான், மயங்குவதில் தவறும் இல்லை. பேசில்லஸ் சப்டிலிஸிலும் எஸ்செரிச்சியா கோலையிலும் இதன் 60 அலகுகள் கூடி, வைரஸ் கூடு போன்ற இருபது முகக் கோளமாக அமைகின்றன; குறுக்களவு ஏறத்தாழ 15 நானோமீட்டர். ஈஸ்டில் ஐந்து அலகுகள் மட்டுமே கூடி வளையமாக நின்றுவிடுகின்றன. பேசில்லஸில் இன்னொரு விந்தை உண்டு: கூட்டுக்குள்ளே ரைபோஃப்ளேவின் சிந்தேஸின் மூன்று அலகுகள் அடைபட்டு, இரு நொதிகளும் ஒரே பெரும் தொகுதியாகக் கிடைக்கின்றன.

கூடாக அமையும் இந்தப் பண்பை மருத்துவத் துறை பயன்படுத்திக்கொண்டுள்ளது. அக்விஃபெக்ஸ் ஏயோலிகஸ் என்ற வெப்பநீர் பாக்டீரியாவின் லூமசின் சிந்தேஸ் கூட்டின்மேல் எச்ஐவி புரதத்தின் வடிவமைக்கப்பட்ட பகுதியை 60 பிரதிகளாகப் பொருத்தி உருவாக்கிய தடுப்பூசித் துகள், முதற்கட்ட மனிதச் சோதனையில் ஊசி பெற்ற 36 பேரில் 35 பேரிடம் எதிர்பார்த்த வகை பி செல்களைத் தூண்டியது என்று 2022-இல் முடிவுகள் வெளியாயின.

ஆனால் நொதியாக இதன் வேகத்தை அளக்க முனைந்தால், வினைப்பொருள் இரண்டும் கையில் நிற்காதவை. அமினோயுராசில் காற்றுப் பட்டவுடன் கெடத் தொடங்கும். அதன் நைட்ரோ அல்லது நைட்ரோசோ முன்சேர்மத்தை, பரிசோதனைக்குச் சற்று முன் டைதயோனைட்டால் ஒடுக்கி எடுத்து உடனே பயன்படுத்த வேண்டும். டைஹைட்ராக்சிபியூட்டனோன் பாஸ்பேட்டும் நிலையற்றது; அதை ரிபோஸ் 5-பாஸ்பேட்டிலிருந்து இரண்டு வேறு நொதிகளின் உதவியால் அவ்வப்போது தயாரித்துக்கொள்ள வேண்டும். அதாவது ஒரு நொதியைப் படிக்க மேலும் இரண்டு நொதிகளைத் தூய்மைப்படுத்துகிறீர்கள். இவ்வளவுக்குப் பிறகும், இந்த இரு சேர்மங்களும் நொதி இல்லாமலேயே அறை வெப்பநிலையில் மெல்ல இணைந்து லூமசினைத் தருகின்றன. ஆகவே நொதி சேர்க்காத குழாயை ஒவ்வொரு முறையும் பக்கத்தில் வைத்துக் கழிக்காவிட்டால் எண்கள் பொய் சொல்லும். பாஸ்பேட் அயனி நொதியின் செயலிடத்தில் போய் அமர்வது படிக வடிவங்களில் தெரிவதால், பஃபரைத் தேர்வதிலும் கவனம் வேண்டும்: பாஸ்பேட் பஃபர் கூட்டைக் கட்டிக்காக்கும், அதே வேளையில் வினைப்பொருளோடு இடத்துக்குப் போட்டியும் போடும்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கையில், வேகத்தை அளக்கும் ஆய்வுக்கு லூமசின் சிந்தேஸை மலைக் கல்லூரியில் எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். புரதக் கூடாக எடுத்தால் நிலைமை தலைகீழ். அக்விஃபெக்ஸின் நொதி ஏறத்தாழ 120 டிகிரி வரை குலையாமல் நிற்பது. ஆகவே எஸ்செரிச்சியா கோலையில் உருவாக்கிய பின் செல்சாற்றை 80 டிகிரித் தண்ணீர்த்தொட்டியில் சில நிமிடங்கள் வைத்தாலே மற்றப் புரதங்களில் பெரும்பகுதி வெந்து படிந்துவிடும். மேலே தெளிந்து நிற்பதில் நமது நொதியே மிகுந்திருக்கும். உதகையின் கொதிநிலைகூட இதற்குப் போதுமானது. விலையுயர்ந்த நிரல் தேவையில்லை, வினைப்பொருள் தேவையில்லை. ஜெல்லில் தூய்மையையும், வெப்பத்தையும் அமிலத்தன்மையையும் அது தாங்கும் விதத்தையும் ஆராயலாம். இங்கே மறைமுகச் செலவு எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம்: கூடு கூடாகத்தான் இருக்கிறதா என்று காட்ட மாதிரியைக் கீழே அனுப்பிக் கட்டணம் கட்ட வேண்டும், வரிசையில் காத்திருக்கவும் வேண்டும்.

## ரைபோஃப்ளேவின் சிந்தேஸ்

நொதி எண் 2.5.1.9. மூன்று அலகுகள் கொண்டது. உலோக அயனியோ துணைநொதியோ வேண்டாதது. ஒரே சேர்மத்தின் இரு மூலக்கூறுகள், ஒன்று கொடுப்பதாகவும் மற்றொன்று வாங்குவதாகவும், எதிரெதிர்த் திசையில் படுத்து வினைபுரிவதால் வேதியியல் நோக்கில் மூன்றிலும் இதுவே சுவையானது என்பேன். லூமசினைக் கரைசலில் கொதிக்கவைத்தால் நொதியே இல்லாமலும் ரைபோஃப்ளேவின் உருவாகும் என்பது 1960-களிலேயே தெரிந்த செய்தி. நொதி அந்த வினையைச் சாதாரண வெப்பநிலையில் நடத்திக்காட்டுகிறது.

அளவீட்டின் எளிமையே இதன் முதல் கவர்ச்சி. லூமசின் 408 நானோமீட்டர் அருகே அதிகமாக உறிஞ்சும். ரைபோஃப்ளேவினின் உச்சம் 445 அருகே. 470 நானோமீட்டரில் லூமசின் ஏறத்தாழ ஒதுங்கிவிடுவதால், அங்கே கூடும் உறிஞ்சல் முழுவதையும் ரைபோஃப்ளேவினுக்கே எழுதலாம். சாதாரண ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரும் கண்ணாடிக் குவெட்டும் போதும். மேலும், எஸ்செரிச்சியா கோலை செல்லில் இயல்பாக இருக்கும் இந்த நொதியின் அளவு மிகச் சிறிதாகையால், மிகுதியாக உருவாக்கிய செல்சாற்றைத் தூய்மைப்படுத்தாமலேயே அளந்து பார்க்கலாம். ஜீன் இல்லாத வெற்றுப் பிளாஸ்மிட் கொண்ட செல்லின் சாற்றைக் கட்டுப்பாடாக வைத்தால் வேறுபாடு கண்ணெதிரே தெரியும். தடுப்பான்களைச் சோதிக்க விரும்பும் மருந்தியல் மாணவருக்கு இதைவிட வசதியான அளவீடு இந்தப் பாதையில் இல்லை. தாவரச் சாறுகளைத் தடுப்பான்களாகச் சோதிப்பவர் மட்டும் ஓர் இடையூறை எதிர்பார்க்க வேண்டும்: சாற்றின் மஞ்சள் நிறமிகள் இதே அலைநீளங்களில் குறுக்கிடும், தேயிலைச் சாறோ நன்னாரிச் சாறோ, நொதி சேர்க்காமல் அவற்றுக்கென்று தனிக் குழாய் வைத்துக் கழித்தாக வேண்டும்.

கவர்ச்சிக்கு உரிய விலையை லூமசின் கேட்கிறது. அது கடை அலமாரியில் இருக்கும் பொருள் அல்ல. சொல்லிவைத்துத் தயாரிக்கச் சொன்னால் விலை ஆய்வேட்டின் மொத்தச் செலவையே விழுங்கும். இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வேதித்தொகுப்பு: குளோரோயுராசிலுடன் ரிபிடைலமினை வினைபுரியவைத்து, நைட்ரோசோ சேர்மமாக்கி, அதை ஒடுக்கிக் கிடைக்கும் அமினோயுராசிலுடன் உடனடியாக டைஅசெட்டிலைச் சேர்த்தால் லூமசின் வரும். அமினோயுராசில் கெடுவதற்கு முன் அதை நிலையான சேர்மமாகப் பிடித்துவிடுவதால், லூமசின் சிந்தேஸ் ஆய்வில் இருந்த தலைவலி இங்கே ஒரே நாளோடு முடிகிறது. உருவான லூமசினை ஒளி படாமல் உறையவைத்து வைத்துக்கொள்ளலாம். கரிம வேதியியலில் கைதேர்ந்த ஆசிரியர் ஒருவர் பக்கத்துத் துறையில் இருந்தால் இந்த வழி எளிது; இல்லாவிட்டால் நினைத்துப் பார்க்கவே வேண்டாம். மற்றொன்று உயிர்வழி: ரைபோஃப்ளேவின் சிந்தேஸ் இல்லாத ஈஸ்ட் திரிபுகள் லூமசினைச் சேர்த்துவைக்கின்றன; ஊடகத்தில் ரைபோஃப்ளேவின் கலந்து அவற்றை வளர்த்து, நிரல் வழியே லூமசினைப் பிரிக்கலாம். ஆனால் கலந்த ரைபோஃப்ளேவின் எச்சம் லூமசினோடு ஒட்டி வந்தால் அளவீட்டின் தொடக்கப் புள்ளியே உயர்ந்துவிடும். புறஊதா விளக்கின் கீழ் இரண்டுமே பச்சையாக ஒளிர்வதால் கண்ணை நம்ப முடியாது. மெல்லேட்டு நிறப்பகுப்பில் பிரித்தே உறுதிசெய்ய வேண்டும்.

இந்த நொதிக்கு ஒளி எதிரி. ரைபோஃப்ளேவின் வெளிச்சத்தில் லூமிக்குரோமாகச் சிதையும். காரக் கரைசலில் லூமிஃபுளேவினாகவும் மாறும். மலையின் உயரத்தில் புறஊதாக் கதிர் சமவெளியைவிட மிகுதி. உறைபனி விழுந்த மறுநாள் காலை வானம் தெளிந்து சன்னலோரம் வெயில் அடிக்கும்போது, அந்த மேசையில் வைத்த, செறிவு தெரிந்த தரக் கரைசல் மதியத்துக்குள் மங்கத் தொடங்கிவிடும். அலுமினியத் தாள் சுற்றிய குழாய்களும், திரை இழுத்த சன்னலும் இங்கே கட்டாயம். குளிர் இன்னொரு சிறு தொல்லையைத் தருகிறது: ரைபோஃப்ளேவின் 25 டிகிரி நீரிலேயே லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் கரைவதில்லை, குளிர்ந்த நீரில் இன்னும் குறையும். வெதுவெதுப்பான நீரில் கரைத்து, அடியில் துகள் இல்லை என்று பார்த்த பின்பே தரக்கோடு வரைய வேண்டும்.

கணக்கில் ஒரு பொறி உண்டு. இரண்டு லூமசின் அழிந்தே ஒரு ரைபோஃப்ளேவின் உருவாகிறது. 408-இல் குறைவை அளந்தவரும் 470-இல் கூடுதலை அளந்தவரும் ஒரே நொதிக்கு இருவேறு வேகங்களை எழுதுவார்கள். எதை அளந்தோம் என்பதைச் செய்முறையிலேயே குறிப்பிட வேண்டும். வினையை நிறுத்தக் குழாயைக் கொதிநீரில் போடுவதும் வேண்டாம். கொதிக்கும் லூமசின் தானே வினைபுரியும் என்று மேலே சொன்னது அங்கே நமக்கு எதிராகத் திரும்பும். டிரைகுளோரோஅசெட்டிக் அமிலம் சேர்த்து நிறுத்துவதே நல்லது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஜிடிபி சைக்ளோஹைட்ரோலேஸ் 2 | லூமசின் சிந்தேஸ் | ரைபோஃப்ளேவின் சிந்தேஸ் |
|---|---|---|---|
| வினைப்பொருள் | ஜிடிபி. விலைக்குக் கிடைக்கும் | இரண்டும் நிலையற்றவை. அவ்வப்போது தயாரிக்க வேண்டும் | லூமசின். ஒருமுறை தயாரித்து உறையவைக்கலாம் |
| உலோக அயனி | துத்தநாகம், மக்னீசியம் | தேவையில்லை | தேவையில்லை |
| தேவைப்படும் கருவி | புறஊதா, ஃபுளோரிமீட்டர், அல்லது கலரிமீட்டருடன் துணை நொதி | கூடாக ஆராய ஜெல்லும் தண்ணீர்த்தொட்டியும். உறுதிசெய்ய எலக்ட்ரான் நுண்ணோக்கி | சாதாரண ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் |
| தூய்மைப்படுத்தாத சாற்றில் அளத்தல் | கூடாது | பொருந்தாது | இயலும் |
| ஒளியால் கெடுதல் | பொருட்டில்லை | ஓரளவு | மிகுதி |
| மறைமுகச் செலவு | பைரோபாஸ்பட்டேஸ், நிக்கல் நிரல், பாஸ்பேட் மாசு | துணை நொதிகள் இரண்டு அல்லது நுண்ணோக்கிக் கட்டணம் | லூமசின் தொகுப்பு |
| பொருத்தமான நோக்கம் | விளைச்சல், தொழில் | புரதக் கட்டமைப்பு, நானோ துகள் | தடுப்பான் தேடல், வினைவேகம் |

## மற்ற வழிகள்

அமினோ நீக்கத்தையும் ஒடுக்கத்தையும் ஒருசேரச் செய்யும் ரிப்டி நொதியைச் சிலர் கேட்கிறார்கள். அதன் வினைப்பொருள், ஜிடிபி சைக்ளோஹைட்ரோலேஸ் 2-இன் நிலையற்ற விளைபொருளே. எனவே அதை எடுப்பவர் இரண்டு நொதிகளின் தொல்லையையும் சுமப்பார். பாஸ்பேட்டை நீக்கும் நொதி எது என்பது நெடுங்காலம் தெரியாமல் இருந்து, 2013-இல்தான் ஹாலோஅமில டிஹாலோஜனேஸ் குடும்பத்துப் புரதங்கள் அதைச் செய்வதாகக் காட்டப்பட்டது. ஆராயச் சுவையான இடம்தான், முதுகலைக்கு ஏற்றதல்ல.

கணினியில் டாக்கிங் (ஒரு சேர்மம் புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்று கணிப்பது) மட்டும் செய்து ஆய்வேட்டை முடிப்போர் தொகை இப்போது கூடிவருகிறது. மழையில் மின்சாரம் போனால் மடிக்கணினி தாங்கும், வினைப்பொருள் வாங்க வேண்டாம் என்பதால் அந்த ஈர்ப்பு புரிகிறது. ஆனால் லூமசின் சிந்தேஸிலும் ரைபோஃப்ளேவின் சிந்தேஸிலும் செயலிடம் ஓர் அலகுக்குள் இல்லை. அடுத்தடுத்த இரு அலகுகள் சந்திக்கும் இடத்தில்தான் அமைகிறது. கோப்பிலிருந்து ஒரே சங்கிலியை மட்டும் வெட்டி எடுத்து டாக்கிங் செய்து, பிணைப்பு ஆற்றலை இரண்டு தசம இடங்களுக்கு எழுதும் ஆய்வேடுகள் பாதிச் செயலிடத்தோடு பேசிக்கொண்டிருக்கின்றன. குறைந்தது இரண்டு அலகுகளையேனும் சேர்த்து வைத்துச் செய்ய வேண்டும்.

மருந்து நோக்கில் எழுதும் எவரும் ஒரு வரம்பையும் அறிமுக இயலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. எஸ்செரிச்சியா கோலை போன்ற குடல் பாக்டீரியாக்களுக்கு வெளியிலிருந்து ரைபோஃப்ளேவினை உள்ளிழுக்கும் திறன் மிகக் குறைவு என்பதாலேயே இந்தப் பாதை அவற்றுக்கு இன்றியமையாததாகிறது. உள்ளிழுக்கும் கடத்திப் புரதம் கொண்ட பல கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்கள், பாதை அடைபட்டாலும் சூழலில் கிடைக்கும் உயிர்ச்சத்தை எடுத்துப் பிழைத்துக்கொள்ளும்.

## யாருக்கு எது

கரிம வேதியியல் துறை ஒத்துழைக்கும் என்ற உறுதி பருவம் தொடங்கும் முன்பே கிடைத்துவிட்டால், ரைபோஃப்ளேவின் சிந்தேஸை எடுங்கள். மூன்றிலும் குறைந்த கருவிகளோடு நிறைவான எண்களைத் தரக்கூடியது அதுதான். தடுப்பான் சோதனை, வெப்பநிலை, அமிலத்தன்மை, வினைவேக மாறிலிகள் என்று ஆய்வேட்டை நீட்டவும் இடம் உண்டு. உறுதி என்றால் வாய்ச்சொல் போதாது. ரிபிடைலமினோ குளோரோயுராசிலோ கையில் இருக்கிறதா, யார் எந்த வாரத்தில் செய்வார் என்ற அளவுக்குத் தெளிவு வேண்டும்.

அந்த ஒத்துழைப்பு இல்லை, ஆனால் புறஊதா ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரோ ஃபுளோரிமீட்டரோ உண்டு என்றால் ஜிடிபி சைக்ளோஹைட்ரோலேஸ் 2 பொருந்தும். கலரிமீட்டரை மட்டும் நம்பி இதைத் தொடங்குவதை நான் ஊக்குவிப்பதில்லை. மாலகைட் பச்சையோடு போராடிய மாணவர்களின் ஆய்வேடுகள் பெரும்பாலும் பாஸ்பேட் மாசைப் பற்றிய ஆய்வேடுகளாகவே முடிகின்றன. இரண்டும் இல்லாத கல்லூரிக்கு, வெப்பத்தைத் தாங்கும் லூமசின் சிந்தேஸ் கூட்டைத் தயாரித்து அதன் உறுதியை ஆராய்வது அடக்கமான ஆனால் முடிக்கக்கூடிய வேலை. வழிகாட்டி ஏற்கெனவே புரதப் பொறியியலில் ஈடுபட்டவராக இருந்தால் இதுவே முதல் தேர்வாகவும் ஆகலாம்.

எதை எடுத்தாலும், பிளாஸ்மிடோ பிரைமரோ வரவழைக்கும் முன் ஜீன் பெயரை நொதி எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எஸ்செரிச்சியா கோலையில் ரிப்ஈ என்ற பெயர் லூமசின் சிந்தேஸுக்கு வழங்குகிறது. பேசில்லஸில் அதே பெயர் ரைபோஃப்ளேவின் சிந்தேஸைக் குறிக்கிறது. எஸ்செரிச்சியா கோலையின் ரிப்சி ரைபோஃப்ளேவின் சிந்தேஸ். பேசில்லஸின் ரிப்சியோ இந்தப் பாதையிலேயே இல்லாமல், ரைபோஃப்ளேவினை எஃப்ஏடி என்ற துணைநொதியாக மாற்றும் நொதிக்குரியது. பழைய கட்டுரைகளில் குழப்பம் இன்னும் கூடுதல்.

ஐஸில் வரவேண்டிய பொருட்களை எப்போது வரவழைப்பது என்பதும் தேர்வின் ஒரு பகுதியே. வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம்-குன்னூர்ச் சாலையிலும் வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் சாலையிலும் மண் சரிந்தால், பெட்டி அடிவாரத்திலேயே நின்று ஐஸ் உருகிவிடும். பைரோபாஸ்பட்டேஸும் பிசிஆர் நொதிகளும் தேவைப்படுபவர்கள் செப்டம்பரிலேயே வாங்கி உறைபெட்டியில் வைத்துக்கொள்வது நல்லது. ஜிடிபி, ஐபிடிஜி போன்ற பொடிகள் டிசம்பரில் வந்தாலும் கெடுவதில்லை. லூமசினைப் பக்கத்துத் துறையில் தயாரிப்பவர்கள் அந்த வேலையையும் மழைக்கால விடுமுறைகளுக்கு இடையிலேயே முடித்துவிட்டால், பனிக்காலத்தின் தெளிந்த மாதங்கள் முழுவதும் அளவீட்டுக்குக் கிடைக்கும்.